முகம் கழுவுவதிலும் ஒரு கணக்கு இருக்கு!

(நமது கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



போன கூட்டத்தில் கடன் திருப்பம் பற்றிப் பேசினோம். இன்னைக்கு முகம் கழுவுவதைப் பற்றிப் பேசப் போறேன் என்றதும் சில பேர் சிரிக்கிறீங்க. "நாங்க என்ன சினிமாவிலயா நடிக்கிறோம், மேக்கப் கலைக்கிறதுக்கு?" என்று பின்வரிசையில் ஒரு அக்கா கேட்கிறாங்க. சரி, நான் ஒண்ணு கேட்கிறேன். ஸ்டிக்கர் பொட்டு வெச்சிருக்கிறவங்க கை தூக்குங்க. பாருங்க, பாதிக்கு மேல வந்திடுச்சு. கண் மை? பவுடர்? வளைகாப்பு, கல்யாணம் என்றால் மகளுக்கு லிப்ஸ்டிக், ஃபவுண்டேஷன்? அத்தனையும் மேக்கப்தான். போடத் தெரிந்த நமக்கு எடுக்கவும் தெரியணும் இல்லையா?

இதைப் பேசுவதற்கு ஒரு காரணம் இருக்கு. ஒரு குழுவில் ஒரு அக்கா நெற்றியில், பொட்டு வைக்கிற இடத்தில், வெள்ளையாக ஒரு தடம் வந்தது. ஊரில் அதைக் குஷ்டம் என்று பேச ஆரம்பிச்சாங்க. அந்த அக்கா தேங்காய் நாரும் சோப்பும் போட்டுத் தேய்ச்சு தேய்ச்சு, தடம் புண்ணாகி இன்னும் பெரிசாச்சு. மூணு மாசம் குழுக் கூட்டத்துக்கே வரல. மகளுக்குப் பேசிய சம்பந்தமும் தள்ளிப் போச்சு. அரசு மருத்துவமனையில் தோல் டாக்டர் பார்த்ததும் சொன்னது, "இது ஸ்டிக்கர் பொட்டின் பசையால் வந்தது. தொத்து வியாதி இல்லை."

சில பொட்டுகளின் பசையில் பாரா டெர்ஷியரி பியூட்டைல் பீனால் என்று ஒரு ரசாயனம் இருக்கு. அது தோலுக்கு நிறம் தருகிற செல்களைக் கெடுக்கும். எல்லோருக்கும் வராது. ஒத்துக்காதவங்களுக்கு முதலில் அரிப்பு, பிறகு வெண்புள்ளி வரலாம். இதற்கும் தொழுநோய்க்கும் சம்பந்தமே கிடையாது. இந்த ஒரு விஷயத்தை மட்டும் வீட்டுக்கு வீடு கொண்டு போய்ச் சொன்னாலே இன்றைய கூட்டம் பயனுள்ளதுதான். பொட்டைப் படுக்கும் முன் எடுத்துடுங்க. அதையே கண்ணாடியில் ஒட்டி வெச்சு மறுநாளும் வைக்காதீங்க. அரிப்பு வந்தால் அந்தப் பொட்டை அன்னைக்கே நிறுத்துங்க.

சோப்பு ஏன் எரியுது?

நம்ம தோல் இயற்கையாகவே கொஞ்சம் புளிப்புத் தன்மை உள்ளது. பி.எச். அளவு என்று சொல்வாங்க. 7 என்பது நடு. தோல் ஏறக்குறைய 5. சாதாரண சோப்பு 9 முதல் 10 வரை, அதாவது சுண்ணாம்பு பக்கம். அதனால்தான் சோப்புப் போட்டதும் முகம் இழுத்துப் பிடிக்கிற மாதிரி இருக்கு. அது சுத்தத்தின் அடையாளம் என்று நினைக்கிறோம். உண்மையில் தோலின் எண்ணெய்ப் பசை போனதன் அடையாளம் அது.

இன்னொண்ணு, நம்ம ஊர் போர் தண்ணி. உப்புத் தண்ணியில் சோப்பு நுரைக்காது. தண்ணியில் இருக்கிற சுண்ணாம்புச் சத்தோடு சோப்பு சேர்ந்து, பக்கெட் ஓரத்தில் வெள்ளையாகப் படியுதே, அதே படிவு முகத்திலும் படியும். நுரைக்கலையே என்று நாம இன்னும் சோப்பு போடுவோம். காசும் போகும், தோலும் வறளும்.

'சோப் ஃப்ரீ', 'ஜென்டில் க்ளென்சர்' என்று போட்டு வருகிற திரவங்களில் இந்தப் படிவு வராது. பெரும்பாலும் அவற்றின் பி.எச். அளவும் தோலுக்குப் பக்கத்தில் இருக்கும். ஆனால் விலை கூடுதல். எல்லோரும் அதைத்தான் வாங்கணும் என்று நான் சொல்ல மாட்டேன்.

குறைந்த செலவில் என்ன செய்யலாம்?

எண்ணெய்ப் பசை எண்ணெயில்தான் கரையும். தண்ணீர் புகாத கண் மை, லிப்ஸ்டிக் எல்லாம் எண்ணெய், மெழுகு கலந்தவை. அதனால் தண்ணி ஊற்றித் தேய்ச்சால் பரவுமே தவிரப் போகாது. தெருக்கூத்துக் கலைஞர்களைப் பாருங்க. விடிய விடிய ஆடிட்டு, அரிதாரத்தைக் கலைக்கத் தேங்காய் எண்ணெயைத்தான் எடுப்பாங்க. அதே வழி நமக்கும் போதும்.

1. கையைக் கழுவிட்டு, நல்ல தேங்காய் எண்ணெய் அரை ஸ்பூன் எடுத்து முகத்தில் மெதுவாகத் தடவுங்க. வாசனை சேர்த்த தலை எண்ணெய் வேண்டாம்.

2. கண் மைக்கு, பஞ்சில் எண்ணெய் தொட்டு, கண்ணை மூடி அரை நிமிஷம் இமை மேல் வெச்சிருங்க. பிறகு வெளிப்பக்கமாகத் துடைங்க. கசக்கக் கூடாது.

3. துவைச்சு வெயிலில் காய்ந்த பழைய வேட்டித் துணியால் எண்ணெயை ஒற்றி எடுங்க.

4. கடைசியில் மென்மையான ஃபேஸ் வாஷ் கொஞ்சம், அல்லது நைசாகச் சலித்த பயத்த மாவு குழைத்து, தேய்க்காமல் கழுவுங்க. வெதுவெதுப்பான தண்ணி போதும்.

பரு இருக்கிறவங்களுக்குத் தேங்காய் எண்ணெய் பருவைக் கூட்டலாம். அவங்க வாசனை இல்லாத, 'ஜென்டில்' வகை க்ளென்சர் வாங்குவதே நல்லது. எலுமிச்சம்பழச் சாறு, பற்பசை, சர்க்கரை, உப்பு இவற்றை முகத்தில் தேய்க்காதீங்க. எலுமிச்சை தடவிட்டு வெயிலில் களை எடுக்கப் போனால் தோல் கருத்து, கொப்பளம்கூட வரும்.

கடையில் என்ன பார்க்கணும்?

குழுவில் நாம ஆடு வாங்கினால் பல்லைப் பிடித்துப் பார்க்காமல் வாங்குவோமா? இதையும் அப்படியே பாருங்க.

தயாரிப்பாளர் முகவரி, உரிம எண், பேட்ச் எண், காலாவதி தேதி, எம்.ஆர்.பி. இவை இருக்கணும். சந்தையில் வேன் போட்டு விற்கிற, இதெல்லாம் இல்லாத பொருள் எவ்வளவு மலிவானாலும் வேண்டாம்.

பெரிய பாட்டிலில் சேர்மானப் பட்டியல் இருக்கும். அதிகம் சேர்த்தது முதலில் வரும். சின்னப் பாக்கெட்டில் பட்டியல் இல்லாமலும் இருக்கலாம். ஒத்துக்காதவங்க 'ஃப்ராக்ரன்ஸ்', 'பெர்ஃப்யூம்' என்று இருந்தால் தவிர்த்திடுங்க.

விலையை 100 மில்லிக்குக் கணக்குப் போடுங்க. உதாரணத்துக்கு, 50 மில்லி 80 ரூபாய் என்றால் 100 மில்லி 160 ரூபாய். பக்கத்தில் 125 மில்லி 175 ரூபாய் என்றால் 100 மில்லி 140 ரூபாய்தான். பார்க்க விலை கூடியது, கணக்கில் மலிவு. ஆனால் புதுப் பொருளைச் சின்ன அளவில்தான் முதலில் வாங்கணும். முழங்கை மடிப்பில் தினமும் கொஞ்சம் தடவி, ஏழு முதல் பத்து நாள் பாருங்க. அரிப்போ சிவப்போ வந்தால் முகத்துக்குக் கொண்டு போகாதீங்க.

எதைப் போட்டுக் கழுவினாலும் எரியுது என்றால், க்ளென்சரைக் குறை சொல்லும் முன் வேற என்ன க்ரீம் பூசுறோம் என்று யோசிங்க. சிவப்பாகணும் என்று மருந்துக் கடையில் கேட்டு வாங்கிப் பூசுகிற ஸ்டீராய்டு க்ரீம் தோலை மெலிசாக்கிடும். 2018 முதல் அப்படிப்பட்ட பல க்ரீம்களை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. 2023-ல் கேரளாவில் மலப்புரம் மாவட்டத்தில், பாதரசம் கலந்த சிவப்பழகு க்ரீம் பூசியவங்களுக்குச் சிறுநீரகக் கோளாறு வந்ததை டாக்டர்கள் கண்டுபிடிச்சாங்க. பூசினது முகத்தில், கெட்டது சிறுநீரகம். கறுப்பு ஒரு நோய் இல்லை சகோதரிகளே, அதற்கு மருந்தும் வேண்டாம்.

அழகுக்கலைப் பயிற்சி முடித்த நம்ம பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. மணப்பெண்ணுக்கு அலங்காரம் செய்து காசு வாங்குவதோடு வேலை முடியல. ராத்திரி எப்படிக் கலைக்கணும் என்று அந்தப் பொண்ணுக்கும் அவங்க அம்மாவுக்கும் சொல்லிட்டு வாங்க. மறுநாள் முகம் நல்லா இருந்தால், அடுத்த கல்யாணத்துக்கும் உங்களைத்தான் கூப்பிடுவாங்க.

அந்த அக்கா பற்றிக் கேட்கிறீங்க. ஸ்டிக்கர் பொட்டை நிறுத்தி, டாக்டர் கொடுத்த மருந்தைப் போடுறாங்க. தடம் முழுசா மறையல, ஓரத்தில் நிறம் திரும்பி வருது. அதைவிடப் பெரிசு, அவங்க குழு உறுப்பினர்கள் எல்லோரும் அவங்க வீட்டுக்கே போய் உட்கார்ந்து கூட்டம் நடத்தினாங்க. அதைப் பார்த்த பிறகுதான் தெருவில் பேச்சு நின்றது. மருந்து டாக்டர் கொடுப்பார், இந்த தைரியத்தை நாமதான் கொடுக்கணும்.

இந்த வாரம் ஒவ்வொரு குழுவிலும் பத்து நிமிஷம் ஒதுக்கி இதைப் பேசுங்க. நெற்றியில் தடம் உள்ளவங்க யாராவது வெளியே வராமல் இருந்தால், ஊக்குநர் நேரில் போய் மருத்துவமனைக்குக் கூட்டிட்டுப் போங்க. தீர்மானப் புத்தகத்தில் அதையும் ஒரு தீர்மானமாக எழுதுவோமா?