விடுமுறைக்கு வரும் பேரக் குழந்தைகள்

(ஊராட்சி உறுப்பினர்களும் விவசாயிகளும் கூடிய கூட்டம் ஒன்றில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



வழக்கமாக இத்தகைய கூட்டங்களில் நான் சாலை, குடிநீர், விதை, உரம், கடன் ஆகியவற்றைப் பற்றியே பேசுவதுண்டு. இன்று சற்று வேறான ஒரு பொருளை எடுத்துக்கொள்கிறேன். கோடை விடுமுறை நெருங்கிக்கொண்டிருக்கிறது. சென்னையிலும் கோயம்புத்தூரிலும் திருப்பூரிலும் வேலை பார்க்கும் உங்கள் மக்கள், தங்கள் குழந்தைகளை அழைத்து வந்து உங்களிடம் விட்டுச் செல்வார்கள். ஆண்டு முழுவதும் அடங்கிக் கிடந்த வீடுகளில் குழந்தைகளின் குரல் கேட்கும். பாட்டிமார் முறுக்குக்கு மாவு இடிப்பார்கள். தாத்தாமார் நுங்கு வெட்டித் தருவார்கள்.

“இது குடும்ப விஷயமாயிற்றே, இதில் அதிகாரி பேச என்ன இருக்கிறது?” என்று உங்களில் சிலர் எண்ணக்கூடும். ஆனால் நகரத்திலிருந்து வரும் ஒரு குழந்தை நம் ஊரில் நலமாகத் தங்கி, நலமாகத் திரும்ப வேண்டும் என்பது அந்த வீட்டாரின் கவலை மட்டும் அன்று. ஊர் முழுவதற்கும் உரிய பொறுப்பு என்பதே என் கருத்து. ஏன் என்பதைச் சொல்கிறேன்.

“எங்கள் பிள்ளைகளும் இதே வீட்டில்தான் வளர்ந்தார்கள், அவர்களுக்கு என்ன நேர்ந்தது?” என்று பெரியவர்கள் கேட்பது வழக்கம். கேள்வியில் நியாயம் உண்டு. எனினும் இரண்டு மாறுதல்களை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். முதலாவது, குழந்தை மாறியிருக்கிறது. உங்கள் பிள்ளை நடக்கத் தொடங்கிய நாள் முதல் கிணறு எங்கே, பாம்புப் புற்று எங்கே, எந்த மாடு முட்டும் என்பதை அறிந்து வளர்ந்தான். அடுக்குமாடி வீட்டில் வளர்ந்த பேரனுக்கு அது ஒன்றும் தெரியாது. இரண்டாவது, ஊர் மாறியிருக்கிறது. நிலத்தடி நீர் இறங்கிவிட்டபடியால் கிணறுகள் ஆழமாகிவிட்டன. நீர் கிடைக்காமல் கைவிடப்பட்ட ஆழ்துளைக் கிணறுகள் தோட்டந்தோறும் இருக்கின்றன. மின்சார மோட்டாரும் பூச்சிமருந்தும் இல்லாத களத்துமேடு இன்று அரிது. ஆகவே, நம் பிள்ளைகளுக்குப் பத்திரமாக இருந்த இடம் பேரக் குழந்தைகளுக்கும் பத்திரமாக இருக்கும் என்று நம்பி இருந்துவிடுதல் கூடாது.

2019-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் திருச்சிராப்பள்ளி மாவட்டம் மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயதுக் குழந்தை ஒன்று பயன்பாட்டில் இல்லாத ஆழ்துளைக் கிணற்றில் விழுந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். நாட்கணக்கில் முயன்றும் அக்குழந்தையை உயிருடன் மீட்க இயலவில்லை. நாடே கண்ணீர் விட்டது. ஆனால் அதற்கு ஒன்பது ஆண்டுகள் முன்னரே, 2010-இல், உச்ச நீதிமன்றம் இது பற்றித் தெளிவான நெறிமுறைகளை வகுத்திருந்தது. கிணறு தோண்டுவதற்குக் குறைந்தது 15 நாட்களுக்கு முன்பாக நில உரிமையாளர் உரிய அதிகாரிகளுக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். தோண்டும்போது சுற்றிலும் முள்வேலி அமைக்க வேண்டும். குழாயின் வாயை இரும்புத் தகடு கொண்டு மூட வேண்டும். கைவிடப்பட்ட கிணற்றை அடியிலிருந்து தரைமட்டம் வரை களிமண், மணல், கல் முதலியவற்றால் நிரப்ப வேண்டும். கோணிச் சாக்கைக் கட்டி வைப்பதும், மேலே ஒரு கல்லைத் தூக்கி வைப்பதும் மூடியதாகாது. ஒரு வண்டி மண்ணுக்கு ஆகும் செலவைப் பார்த்து இவ்வேலையை ஒத்திப்போடுவது எவ்வளவு பெரிய பிழை என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

திறந்த கிணறுகளைப் பற்றியும் இதையே சொல்வேன். என் வட்டாரத்தில் ஒரு முதியவர், மகள் வீட்டுப் பேத்தி வருகிறாள் என்ற கடிதம் கண்டதும், முதலில் செய்த காரியம் கொல்லைக் கிணற்றுக்குச் சுற்றுச்சுவர் எழுப்பியதுதான். வீட்டுக்கு வெள்ளையடிக்க வைத்திருந்த பணம் அது. “வெள்ளையடிக்காத வீட்டைப் பார்த்து என் பேத்தி கோபிக்க மாட்டாள்” என்றார். எல்லோராலும் உடனே சுவர் கட்ட முடியாது என்பதை அறிவேன். மூங்கில் படல் கட்டலாம்; கம்பி வலை போடலாம். பம்புசெட் தொட்டியையும் சாணக் குழியையும் மறந்துவிடாதீர்கள். சிறு குழந்தை மூழ்குவதற்கு ஆழமான நீர் வேண்டியதில்லை. குளிக்க நிரப்பி வைத்த அண்டாவே போதும். மூழ்கும் குழந்தை பெரும்பாலும் கூச்சலிடுவதும் இல்லை. ஆதலால் தண்ணீருக்கு அருகில் குழந்தை இருக்கும்போது, கைக்கெட்டும் தூரத்தில் பெரியவர் ஒருவர் இருந்தே ஆக வேண்டும்.

இனி வீட்டுக்குள் வருவோம். பூச்சிமருந்தைக் குளிர்பானப் புட்டியில் ஊற்றி வைக்கும் வழக்கம் அடியோடு ஒழிய வேண்டும். அதைத் தாகத்துடன் ஓடிவரும் குழந்தை பானம் என்றே எண்ணும். அதுபோன்றே தாத்தாவின் சர்க்கரை வியாதி மாத்திரையும், பாட்டியின் இரத்த அழுத்த மாத்திரையும் குழந்தைக்கு மிட்டாயாகவே தோன்றும். இவற்றைப் பூட்டிய பெட்டியில் வைக்க வேண்டும். தவறி விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்க முயலாதீர்கள். அந்தப் புட்டியையோ மாத்திரை அட்டையையோ கையில் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்கு விரையுங்கள்.

பாம்பு கடித்தாலும் அவ்வாறே. கயிற்றால் இறுகக் கட்டுவது, கீறி இரத்தம் எடுப்பது, வாயால் உறிஞ்சுவது எல்லாம் தீங்கையே தரும். கடிபட்ட உறுப்பை அசையாமல் வைத்துக்கொண்டு, குழந்தையைத் தைரியப்படுத்தி, மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சையும் முறிக்கும் மருந்து இருக்கிறது. 108 என்ற அவசர ஊர்தி 2008-ஆம் ஆண்டு முதல் நம் மாநிலத்தில் ஓடுகிறது. அந்த எண்ணைப் பாட்டிக்கும் மனப்பாடம் செய்து வையுங்கள். தாத்தா வயலுக்குப் போயிருக்கும் வேளையில் அவர்தாம் வீட்டில் இருப்பார்.

நீர் மாறினால் வயிற்றுப்போக்கு வரலாம். காய்ச்சி ஆறவைத்த நீரையே குடிக்கக் கொடுங்கள். உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலங்கள் சில வீட்டில் இருக்கட்டும். உறையில் எழுதியுள்ள அளவு நீரில் முழுப் பொட்டலத்தையும் கரைத்து, சிறிது சிறிதாகக் கொடுத்து, 24 மணி நேரத்துக்குப் பின் மிகுந்ததைக் கொட்டிவிட வேண்டும். குழந்தை சோர்ந்து விழுந்தால் வீட்டு வைத்தியத்தில் நேரத்தைக் கழிக்கலாகாது.

இவ்வளவும் சொன்னதால், குழந்தையைக் கட்டிப்போட்டு வையுங்கள் என்று நான் சொல்வதாக எண்ணிவிடாதீர்கள். கையில் செல்போனைக் கொடுத்துத் திண்ணையில் உட்கார வைப்பதும் ஒருவகைக் கட்டிப்போடுதலே. அதற்கு அவன் நகரத்திலேயே இருந்திருக்கலாமே! காலையில் வயலுக்குச் செல்லும் தாத்தா அவனையும் கைபிடித்து அழைத்துச் செல்லட்டும். முற்றத்தில் ஒரு சிறு பாத்தி அவன் பெயரில் ஒதுக்குங்கள். சிறுகீரை விதைத்தால் 25 நாட்களில் பறிக்கலாம். தான் விதைத்து நீர் ஊற்றிய கீரையைத் தானே பறித்து, பாட்டி கடைந்து தர உண்டுவிட்டு ஊர் திரும்பும் குழந்தை, சோறு எங்கிருந்து வருகிறது என்று பிறகு எவரையும் கேட்க வேண்டியிராது. பேரனுக்கு மட்டுமன்றிப் பேத்திக்கும் ஒரு பாத்தி கொடுங்கள். பேரனை வயலுக்கும் பேத்தியை அடுப்பங்கரைக்கும் அனுப்பும் பழக்கம் நம்மோடு போகட்டும். இரவில் பல்லாங்குழி ஆடுங்கள். குலத்தின் கதையையும் ஊரின் கதையையும் சொல்லுங்கள். அவற்றை எந்தப் பள்ளியும் கற்பிக்காது.

ஊராட்சி உறுப்பினர்களுக்கு ஒரு வேண்டுகோள். மே மாதம் முதல் நாள் கிராம சபை கூடும் நாள். குழந்தைகள் ஊருக்கு வந்து சேரும் காலமும் அதுவே. அதற்கு முன்பே ஒவ்வொரு வார்டிலும் மூடாத ஆழ்துளைக் கிணறு, சுவரில்லாத கிணறு, அறுந்து தொங்கும் மின்கம்பி ஆகியவற்றைக் கணக்கெடுத்து, எழுதிக் கொண்டு வாருங்கள். எந்தக் கிணற்றை யார், எந்தத் தேதிக்குள் மூடுவது என்று சபையில் தீர்மானியுங்கள். உரிமையாளர் உறவினராயினும் வேண்டியவராயினும் தாட்சணியம் பார்க்கலாகாது. அறுந்த கம்பியை எவரும் தொடாமல் மின்வாரியத்துக்குத் தெரிவியுங்கள். மேல்நிலைத் தொட்டியைக் கழுவிக் குளோரின் இடுங்கள். ஊர் நூலகம் பூட்டிக் கிடந்தால் திறக்க ஏற்பாடு செய்யுங்கள். இவ்வேலைகளில் என் அலுவலகம் செய்ய வேண்டியவற்றை எழுதிக் கொடுங்கள். செய்து தரக் கடமைப்பட்டுள்ளேன்.

குழந்தையை விட்டுச் செல்லும் மகளும் மருமகளும் பேருந்தில் ஏறும்போது உங்களிடம் எதையும் எழுதி வாங்கிக்கொள்வதில்லை. நம்பிக்கை ஒன்றையே வைத்துச் செல்கிறார்கள். பள்ளி திறக்கும் ஜூன் மாதத்தில் அதே பேருந்தில், சற்றுக் கறுத்து, சற்றுச் சதைப்பிடித்து, கையில் கீரை விதைப் பொட்டலத்தோடு அக்குழந்தைகள் ஏறிச் செல்ல வேண்டும். அடுத்த விடுமுறை எப்போது என்று கேட்டுக்கொண்டே செல்ல வேண்டும். அதற்கான வேலையை நாளையே தொடங்குங்கள் என்று கேட்டுக்கொண்டு விடைபெறுகிறேன்.