பாதரசத்தைப் பிடிக்கப் பாதரசம்

நம்ம ஊர் அகரம், திண்டுக்கல்லுக்குப் பக்கம். எங்க மாவட்டத்துல பாதரசம்னு சொன்னா ரெண்டு ஊர் ஞாபகம் வரும். ஒண்ணு போகரோட பழனி. இன்னொண்ணு கொடைக்கானல், அங்க இருந்த தெர்மாமீட்டர் ஃபேக்டரியை 2001-ல மூடினாங்க. ஆனா செம்பு, துத்தநாகம் உருக்குற ஆலைப் புகையிலயும் பாதரசம் வரும். இன்னைக்கு அந்தக் கதை.

இந்தத் தாதுக்கள்ல பெரும்பாலும் உலோகம் கந்தகத்தோட சேர்ந்துதான் இருக்கும். சூடாக்கினா கந்தகம் சல்ஃபர் டைஆக்சைடா கிளம்பும். தாதுல துளியூண்டு ஒட்டியிருக்கிற பாதரசம் 357 டிகிரியிலேயே கொதிச்சிடும், அதனால உலைக்குள்ள அது வெறும் ஆவி. தூசியைப் பிடிச்சு, புகையைக் கழுவினாலும் கொஞ்சம் தப்பிச்சிடும்.

அதைப் பிடிக்க போலிடன்-நார்ஜிங்க்னு ஒரு முறை. மெர்குரிக் குளோரைடு கரைசலைப் புகைமேல தெளிப்பாங்க. பாதரச ஆவி அதோட சேர்ந்து மெர்குரஸ் குளோரைடா, கரையாத வெள்ளைப் பொடியா படிஞ்சிடும். இதைப் படிச்சப்ப எனக்குச் சிரிப்பு வந்துச்சு. சித்த மருத்துவத்துல முதல் உப்பு வீரம், ரெண்டாவது பூரம். நம்ம வைத்தியர்களுக்குப் பழகின சரக்குதான்!

மிச்சப் புகையை வெனேடியம் பென்டாக்சைடு வினையூக்கி வழியா அனுப்பினா, கடைசியில கந்தக அமிலம் கிடைக்கும். உரக் கம்பெனிகள் வாங்கிக்கும். பாதரசத்தை முன்னாடியே எடுக்கலைன்னா அதுவும் அமிலத்தோட கிளம்பிடும்.

எனக்கு உறுத்துறது இதுதான்: கந்தகத்தைப் பிடிச்சா காசு. பூரத்தைப் பிடிச்சா பத்திரமா காவல் காக்குற செலவு. அதைச் செய்ய வைக்கிறது சட்டம்தான். 2018-ல இந்தியா ஏத்துக்கிட்ட மினமாட்டா ஒப்பந்தத்துல இந்த உருக்காலைகளும் இருக்கு.

காசு தர்ற கந்தகத்துக்கே என்ன ஆச்சுன்னு பாருங்க. 2013 மார்ச் 23 காலையில தூத்துக்குடி மக்களுக்குக் கண்ணும் தொண்டையும் எரிஞ்சுது. ஸ்டெர்லைட் புகைபோக்கி மீட்டர் வரம்பைத் தாண்டிடுச்சுன்னு சொல்லி, மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆலையை மூடச் சொன்னது. மீட்டரை அப்போ கேலிபிரேட் பண்ணிட்டிருந்தோம்னு கம்பெனி சொன்னது. மே கடைசியில பசுமைத் தீர்ப்பாயம் திறக்க அனுமதிச்சது. (2018-ல நடந்தது உங்களுக்கே தெரியும்.)

நான் லாக் பார்த்துச் சம்பளம் வாங்குறவன். ஒரு சென்சாரைக் கேலிபிரேட் பண்ணா, எப்போ, யார், எவ்வளவு நேரம்னு அந்த லாக்லயே இருக்கணும். சம்பவம் நடந்த பிறகு விளக்கமா வரக்கூடாது. தூத்துக்குடியில மக்களோட தொண்டை இன்னொரு சென்சாரா வேலை செஞ்சுது. பாதரச ஆவிக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. மீட்டர் மட்டும்தான் சொல்லணும்.

உங்க ஊர் ஆலை வாசல்ல மாசு அளவு காட்டுற டிஸ்ப்ளே போர்டு இருக்கா? அது ஓடுதா? பார்த்துட்டு எழுதுங்க.