ஜூலியற் டெரிகொட் பெயரால் ஒரு புலமைப்பரிசில்

(நூற்றாண்டு விழாவில் பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரை)



வரலாற்றில் கறுப்பினப் பெண்களின் சாதனை என்பது எனக்குத் தரப்பட்ட தலைப்பு. கென்யாவின் வங்காரி மாத்தாய் மரம் நட்டு 2004 இல் நோபல் சமாதானப் பரிசு பெற்றதும், ரொனி மொறிசன் 1993 இல் இலக்கியத்துக்கான நோபல் பரிசு பெற்றதும் இங்கேயிருக்கும் பிள்ளைகளுக்கே தெரியும். ஆகவே எங்கள் தீவில் கால்வைத்த ஒரு பெண்ணையும் அவருடைய தோழியையும் பற்றி மட்டும் பேசப்போகிறேன்.

தோழியின் பெயர் ஜூலியற் டெரிகொட். 1897 இல் அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநிலத்தில் ஏதென்ஸ் என்ற ஊரிலே பிறந்தவர். அந்த ஊரில் பெயர்பெற்ற பெண்கள் கல்லூரி ஒன்று இருந்தது. அங்கே படிக்கச் சிறுவயதில் ஆசைப்பட்டார். கறுப்புப் பிள்ளைக்கு இடமில்லை. வேறு மாநிலத்தில் தலடேகா கல்லூரியில் படித்து, கிறிஸ்தவ இளம் பெண்கள் சங்கத்தின் மாணவர் பகுதிச் செயலாளரானார். 1928 இன் இறுதியில் மைசூரில் நடந்த உலகக் கிறிஸ்தவ மாணவர் கூட்டத்துக்கு வந்து, ஏழு வாரம் இந்தியாவில் தங்கினார். பின்னர் பிஸ்க் பல்கலைக்கழகத்தில் மாணவிகளுக்குப் பொறுப்பாளராக இருந்தார்.

1931 நவம்பரில் மாணவர் சிலருடன் காரில் போகும்போது டோல்ற்றன் என்ற ஊருக்கு அருகே விபத்து. அந்த ஊர் ஆஸ்பத்திரி கறுப்பினத்தவரை ஏற்பதில்லை. ஒரு கறுப்பினப் பெண்ணின் வீட்டில் அவரைக் கிடத்தி வைத்திருந்து, பிறகு வேறு நகரத்துக்குக் கொண்டுபோனார்கள். மறுநாள் இறந்தார். வயது 34.

நான்கு வருடம் கழித்து, 1935 ஒக்ரோபரில், கொழும்பில் வந்திறங்கினார் சூ பெய்லி தேர்மன். இசை படித்தவர். கணவர் ஹவார்ட் தேர்மனும் இன்னொரு தம்பதியும் கூட வந்தார்கள். இலங்கை, இந்தியா, பர்மாவின் மாணவர்களைச் சந்திக்க அழைக்கப்பட்ட குழு அது. கொழும்பிலே சட்டம் படித்த ஒருவர் ஹவார்ட்டைப் பார்த்து, உங்கள் ஆட்களை அடிமையாக விற்றவர்களின் சமயத்தை நீங்கள் எப்படிப் பின்பற்றலாம் என்று கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் அந்தக் காலத்துக்குச் சற்று முன்னர்தான் யாழ்ப்பாணத்தில், சம ஆசனம் கொடுத்ததற்காகப் பாடசாலைகளைக் கொளுத்தினோம். வடமராட்சியிலே சூரன் அவர்கள் தேவரையாளிப் பாடசாலையைத் தொடங்கவேண்டி வந்ததும் மற்றப் படலைகள் பூட்டியிருந்தபடியால்தான். இதை எங்கள் நூற்றாண்டு மலரிலும் யாராவது எழுதவேண்டும்.

எங்கள் பேத்திமார் 1927 இல் யாழ்ப்பாணத்தில் கண்ட காந்தியை, இவர்கள் 1936 பெப்ரவரியில் பர்தோலியில் சந்தித்தார்கள். என் கண்முன்னே என் சகோதரனைக் கூட்டமாகச் சேர்ந்து கொன்றால் நான் என்ன செய்வது என்று கேட்டவர் சூ. அமெரிக்காவுக்கு வாருங்கள், வெள்ளையருக்காக அல்ல, எங்களுக்காக என்று விடாமல் அழைத்தவரும் அவரே. சாந்திநிகேதனுக்கும் போனார்.

ஊர் திரும்பியதும் அவர் செய்த வேலைதான் எனக்கு எல்லாவற்றிலும் பெரிதாகப் படுகிறது. இந்தியாவைப் பற்றி ஊரூராகப் பேசினார். இறந்த தோழியின் பெயரால் ஒரு புலமைப்பரிசிலை ஏற்படுத்தி, கறுப்பின மாணவிகளைச் சாந்திநிகேதனுக்கு அனுப்பினார். சொந்த ஊர்க் கல்லூரிக்குள் போகமுடியாத பெண்ணின் பெயரில், அவர் இனத்துப் பிள்ளைகள் கப்பலேறித் தாகூரின் கல்லூரிக்குப் படிக்க வந்தார்கள். அப்படி வந்த ஒருவர் மார்கிறற் புஷ் வில்சன். பிறகு சட்டத்தரணியாகி, 1975 இல் கறுப்பின மக்களின் பழம்பெரும் உரிமை இயக்கமான என்.ஏ.ஏ.சி.பி.யின் தலைமைக்கு வந்த முதலாவது கறுப்பினப் பெண் அவர்.

சூ ஒரு மண்டபமும் கட்டவில்லை. எங்கள் நூற்றாண்டு நிதியில் மண்டபத்துக்கென்று ஒதுக்கியதைப் பற்றி எனக்கு அபிப்பிராயம் உண்டு. நிர்வாகசபையில் இருக்கும் மச்சாள்மார் கோபிக்கக் கூடாது. கூரைக்கும் கதிரைக்கும் காசு வேண்டும்தான். ஆனால் லண்டனிலும் ரொறன்ரோவிலும் சிட்னியிலும் இருந்து சகோதரிமார் அனுப்பும் காசில் ஒரு பங்கை வைப்பிலிட்டு, அதன் வட்டியில் ஆண்டுதோறும் ஒரு பிள்ளையை, கூலிவேலை செய்யும் தாயின் பிள்ளையாகப் பார்த்து, இந்தக் குடாநாட்டுக்கு வெளியே படிக்க அனுப்பலாம். பிள்ளையைத் தெரிவுசெய்யும்போது எந்தக் குறிச்சி என்று கேட்கும் வழக்கம் மட்டும் விண்ணப்பப் படிவத்துக்குள் வரக்கூடாது. அடுத்த பொதுக்கூட்டத்தில் இதைப் பிரேரணையாகக் கொண்டுவர இருக்கிறேன். வழிமொழிய ஒருவர் வேண்டும்.