உங்கள் பைக்குள் எத்தனை பெயர்கள்?

(புதிதாக வந்தவர்களுக்கான தகவல் கூட்டத்தில், பத்திரங்களை மொழிபெயர்த்து உதவும் தொண்டர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் இங்க நின்று பார்க்கிறன், அநேகமாக எல்லாற்ற மடியிலயும் ஒரு பை இருக்கு. கதிரைக்குக் கீழ வைக்க ஒருத்தருக்கும் மனம் வரேல்லை. அது எனக்கு விளங்கும். நான் இந்த நாட்டுக்கு வந்த புதிதில் குளிக்கப் போனாலும் பையைக் கொண்டுதான் போனனான். நகையோ காசோ அதுக்குள்ள இருக்கேல்லை. எல்லாம் கடதாசி.

அந்தக் கடதாசிகளைப் பற்றித்தான் இன்றைக்குக் கதைக்கப் போறன். சட்டக் கேள்விகளை உங்கட சொலிசிற்றரிட்டக் கேளுங்கோ, அது என்ர வேலை இல்லை. மற்ற ஆக்களின்ர பத்திரங்களை வாசித்து மொழிபெயர்க்கிறதுதான் என்ர வேலை. அதில கண்டதைச் சொல்லுறன்.

முதல் அடையாள அட்டை. ஊரில் அது இல்லாமல் படலையைத் தாண்ட மாட்டம். யுத்த காலத்தில் தமிழரின்ர அட்டையில் சிங்களமும் தமிழும் இருந்தது, சிங்களவரின்ர அட்டையில் சிங்களம் மட்டும். சோதனைச்சாவடியில் நிற்கிறவன் பெயரை வாசிக்கத் தேவையில்லை. தமிழ் எழுத்தைக் கண்டாலே அவனுக்குப் போதும். 2017ஆம் ஆண்டு தொடங்கின புதிய அட்டையில் சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றும் எல்லாருக்கும் இருக்கு. ஆனால் உங்களில் கனபேர் பழைய அட்டையோடதான் வந்திருக்கிறியள்.

அந்தப் பழைய அட்டையின் இலக்கத்தை எத்தனை பேர் வாசித்துப் பார்த்திருக்கிறியள்? ஒன்பது இலக்கமும் கடைசியில் ஒரு ஆங்கில எழுத்தும் இருக்கும். முதல் இரண்டு இலக்கம் பிறந்த வருடம். அடுத்த மூன்றும் அந்த வருடத்தில் எத்தனையாவது நாள் பிறந்தனீங்கள் என்ற கணக்கு. பெண் என்றால் அதோட 500 கூட்டியிருப்பினம். 1975 ஜூன் 10 பிறந்த ஆணுக்கு 75162 என்று தொடங்கும், அதே நாள் பிறந்த பெண்ணுக்கு 75662. 2016இல் வந்த பன்னிரண்டு இலக்கத்திலும் இதே கணக்குத்தான், வருடம் மட்டும் நாலு இலக்கம்.

இதில் ஒரு பொறி இருக்கு. இந்தக் கணக்கில் எல்லா வருடத்துக்கும் பெப்ரவரி 29 நாள்தான். லீப் வருடமோ இல்லையோ அவைக்குக் கவலையில்லை. சாதாரண கலண்டரை வைத்து எண்ணினால் 1975இல் 162ஆவது நாள் ஜூன் 11 ஆகத்தான் வரும். இப்படி எண்ணிப் பார்த்து, “ஐயோ, என்ர பிறந்த திகதி பிழை, பொய் சொன்னன் எண்டு நினைக்கப் போகினம்” என்று இரவிரவாக நித்திரை கொள்ளாமல் இருந்த ஒரு தம்பியை எனக்குத் தெரியும். திகதி சரியாகத்தான் இருந்தது. ஆகவே உங்கட இலக்கத்தை இன்ரவியூவுக்கு முதல் ஒருக்கா எண்ணிப் பாருங்கோ. உண்மையாகவே வித்தியாசம் இருந்தால் அதையும் இப்பவே அறிந்து சொலிசிற்றரிட்டச் சொல்லலாம். அதிகாரி முதல் கண்டுபிடித்து, நீங்கள் மேசைக்கு முன்னால் முழிக்கிற நிலை வேண்டாம்.

வித்தியாசம் வர நல்ல காரணங்களும் உண்டு. விடியப்புறம் மூன்று மணிக்குப் பிறந்த பிள்ளைக்கு ஆசுப்பத்திரி செவ்வாய்க்கிழமைத் திகதி போடும். சாதகம் எழுதுகிற ஐயாவுக்குச் சூரியன் உதிக்கும்வரை திங்கட்கிழமைதான். அம்மா சொல்லித் தந்தது சாதகத்தில் உள்ள நாள், பிறப்பத்தாட்சிப் பத்திரத்தில் உள்ளது மற்ற நாள். இரண்டும் பொய்யில்லை. ஆனால் யாராவது விளங்கப்படுத்தாவிட்டால் இந்த நாட்டு அதிகாரிக்கு அது எப்படித் தெரியும்?

இனி பெயர். வந்து இரண்டு மாதத்தில் எனக்குக் காய்ச்சல், டொக்டரிட்டப் போனன். வரவேற்பு மேசையில் இருந்த பெண் என்ர அப்பாவின்ர பெயரைச் சொல்லி, முன்னால ஒரு மிஸ்டரும் போட்டுக் கூப்பிட்டா. நான் திரும்பி வாசலைப் பார்த்தன். அப்பா செத்து அப்ப ஆறு வருடம். இரண்டாம் தரம் கூப்பிடேக்கதான் அது நான் என்று விளங்கிச்சு. எழும்பிப் போனன். காய்ச்சல் எத்தனை நாள் என்று கேட்டா, வாய் வரேல்லை.

எங்களிட்டக் குடும்பப் பெயர் என்று ஒன்று இல்லை. அப்பாவின் பெயர் முன்னுக்கு, எங்கட பெயர் பின்னுக்கு. இங்கத்தைப் படிவத்தில் இரண்டு பெட்டி இருக்கு, இரண்டையும் நிரப்பச் சொல்லுவினம். அப்பாவின் பெயர் குடும்பப் பெயர்ப் பெட்டிக்குள் போகும். அப்ப புருஷனுக்கு அவரின்ர அப்பா பெயர், மனிசிக்கு அவவின்ர அப்பா பெயர், பிள்ளைகளுக்குப் புருஷனின்ர பெயர். ஒரு வீட்டுக்குள்ள மூன்று குடும்பப் பெயர். “நீங்கள் உண்மையில் ஒரே குடும்பமா?” என்று கேட்டால் கோபப்படாதேங்கோ. எங்கட வழக்கம் இதுதான் என்று உங்கட வாக்குமூலத்திலயே சொலிசிற்றரைக் கொண்டு இரண்டு வரி எழுதுவியுங்கோ. எந்தப் பெட்டிக்குள் எந்தப் பெயரை முதல் போட்டியளோ, பிறகு பள்ளிக்கூடம், வங்கி, டொக்டர் எல்லா இடத்திலும் அதே ஒழுங்குதான்.

எழுத்துக்கூட்டலும் அப்படித்தான். தமிழில் ஒரு பெயர், ஆங்கிலத்தில் அதை நாலு விதமாக எழுதலாம். ஊரில் பதிவாளர் ஒரு விதம், பள்ளிக்கூடம் ஒரு விதம், பாஸ்போட் ஒரு விதம். மனிசருக்கு அது ஒரே ஆள், கணினிக்கு நாலு ஆள். பாஸ்போட்டின் படப் பக்கத்தில் கீழே இரண்டு வரி இருக்குதே, அது இயந்திரம் வாசிக்கிறதுக்கு. அதில் ஆங்கிலத்தின் 26 எழுத்தும் இலக்கங்களும் அம்பு மாதிரி ஒரு குறியும் மட்டும்தான். எங்கட ழகரத்துக்கு அங்க இடமில்லை. பெயருக்கு மொத்தம் 39 இடம்தான், அதைவிட நீண்டால் வெட்டுப்படும். வெட்டுப்பட்ட பெயருக்கு நீங்கள் பொறுப்பில்லை.

ஏ.ஆர்.சி. அட்டை கிடைத்த அன்றைக்கே ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டிப் பாருங்கோ. பிழை இருந்தால் சொலிசிற்றர் மூலம் எழுத்தில் அறிவியுங்கோ, அந்தக் கடிதத்தின் பிரதியையும் வைத்திருங்கோ. “சின்னப் பிழைதானே” என்று விட்டவை பிறகு பட்ட பாட்டை நான் கண்டிருக்கிறன்.

இன்னொரு பெயரும் சிலரின்ர பைக்குள்ள இருக்கு, அல்லது வழியில் ஏஜென்சிக்காரன் திருப்பி வாங்கிக்கொண்டு போயிட்டான். வேற ஆளின் பெயரில் வந்த பாஸ்போட். அதைப் பற்றிச் சொல்ல எல்லாரும் பயப்படுகினம். கொழும்பில் விசாவுக்குக் கைரேகை குடுத்திருந்தால் அது இங்கயும் தெரியவரும். கைரேகைக்கு எந்தப் பெயர் போட்டாலும் ஒன்றுதான். சொலிசிற்றரிட்ட முழுவதையும் சொல்லுங்கோ. பயணம் செய்த பெயர் இது, என்ர பெயர் இது என்று நீங்களே முதலில் சொல்லுவது ஒரு விதம், அவை கண்டுபிடித்துக் கேட்பது இன்னொரு விதம்.

ஊரில் இருந்து வாற கடிதங்கள் பற்றி ஒரு சொல். போன மாதம் ஒரு அக்கா, கிராம சேவையாளர் அனுப்பின கடிதத்தை அச்செடுத்துக் கொண்டு வந்தா. முழுக்க ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும், ஒரு சொல்லும் விளங்காது. பாமினி எழுத்துருவில் அடித்த கடிதம். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் தமிழ் வடிவம் மறைஞ்சு, அடியில் இருக்கிற ஆங்கில எழுத்துத்தான் தெரியும். ஆகவே கையெழுத்தும் முத்திரையும் தெரியும்படி மூலக் கடிதத்தையே படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கோ, மூலத்தைத் தபாலில் எடுப்பியுங்கோ, தபால் உறையையும் எறியாதேங்கோ. மொழிபெயர்க்கேக்க சிங்கள முத்திரையில் உள்ள எழுத்தும் திகதியும் சேர்த்து மொழிபெயர்க்க வேண்டும். மொழிபெயர்த்தவரின் பெயர், கையெழுத்து, திகதி, தொடர்பு விபரம் அதில் இருக்க வேண்டும்.

கடைசியாகப் போன். முந்தி அகதி அந்தஸ்து கிடைத்தால் ஒரு அட்டை வரும், அதைக் கொஞ்சி மடியில் கட்டிக்கொள்ளலாம். 2024 ஒக்டோபர் 31க்குப் பிறகு அந்த அட்டை புதிதாகக் குடுக்கிறதில்லை. இப்ப எல்லாம் ஈ-விசா. வீடு வாடகைக்கு எடுக்க, வேலைக்குச் சேர, இணையக் கணக்குக்குள் போய் ஒரு குறியீடு எடுத்துக் குடுக்க வேண்டும், அது 90 நாள் செல்லும். கணக்குக்குள் போற இரகசிய இலக்கம் உங்கட போனுக்கோ மின்னஞ்சலுக்கோதான் வரும். கடையில் மலிவாக ஒரு சிம் கண்டவுடன் இலக்கத்தை மாற்றிப்போட்டு, பிறகு கணக்குக்குள் போகேலாமல் அழாதேங்கோ. மாற்றமுதல் கணக்கில் புது இலக்கத்தைப் பதியுங்கோ. மின்னஞ்சல் உங்கட சொந்தப் பெயரில், உங்களுக்குக் கடவுச்சொல் தெரிந்ததாக இருக்கட்டும். “மச்சான்தான் திறந்து தந்தவர், அவருக்குத்தான் தெரியும்” என்றால், மச்சானோடு சண்டை வந்த அன்றைக்கு உங்களிட்ட விசா இல்லை.

தேத்தண்ணி வந்திட்டுது. அட்டை இலக்கத்தை எண்ணிப் பார்க்க விரும்புகிறவை பின்மேசைக்கு வாங்கோ. கலண்டரும் பென்சிலும் வைத்திருக்கிறன். அட்டையை என்னிட்டத் தர வேண்டாம். நீங்களே பிடிச்சுக்கொண்டு இருங்கோ, நான் எட்டிப் பார்க்கிறன்.