"நாங்களும் இப்படித்தான் படிச்சோம்": நர்சிங் கல்லூரியில் கண்டிப்பு எது, அவமதிப்பு எது?

(நர்சிங் மாணவர்களுக்கான வாசிப்பு வட்டக் கூட்டத்தில் மூத்த செவிலியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"கஷ்டப்படுத்துற டியூட்டரை எப்படிச் சமாளிக்கிறது, அதைப் பற்றிப் பேசுங்க" என்று கேட்டிருந்தீர்கள். கேட்ட எல்லோரும் முதல் தலைமுறைப் பட்டதாரிகளாக வரப்போகிறவர்கள். உங்கள் வீட்டில் இதற்கு ஒரே பதில்தான் கிடைத்திருக்கும். "நாலு வருசம் பல்லைக் கடிச்சுக்கிட்டு முடிச்சிட்டு வந்துடும்மா." அந்தப் பதிலில் பாசம் இருக்கிறது, பயமும் இருக்கிறது. கடன் வாங்கிப் படிக்க வைத்த அப்பாவால் வேறென்ன சொல்ல முடியும்? ஆனால் பல்லைக் கடித்துக்கொண்டு தனியாக நிற்பதைவிடப் பாதுகாப்பான வழிகள் உண்டு. அவற்றைப் பேசுவதற்கு முன்னால் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்வோம்.

நர்சிங் படிப்பில் கண்டிப்பு வேண்டும். டிரெஸ்ஸிங் டிரேயில் கையுறை இல்லாமல் கை வைத்தால் டியூட்டர் சத்தம் போடத்தான் வேண்டும். சரியான நோயாளி, சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம், இந்த ஐந்தையும் பார்க்காமல் ஊசி போடப் போனால் கையைப் பிடித்து நிறுத்தத்தான் வேண்டும். அப்படித் திட்டு வாங்கிக் கற்றுக்கொண்டவை இன்றைக்கும் என் கையில் இருக்கின்றன. அதற்காக யார் மீதும் எனக்கு வருத்தமில்லை.

எனவே எதையும் அளக்க ஒரே ஒரு கேள்வி வைத்துக்கொள்ளுங்கள்: இந்தக் கண்டிப்பால் நோயாளிக்கு என்ன பயன்?

முப்பது பக்கக் கேர் பிளானை, மார்ஜின் கோணலாக இருக்கிறது என்று கிழித்துப் போடுவதால் எந்த நோயாளிக்குக் காய்ச்சல் குறைகிறது? வகுப்பில், "ஸ்காலர்ஷிப் வாங்குறவங்க எல்லாம் எழுந்து நில்லுங்க" என்று சொல்வதால் யாருக்குப் புண் ஆறுகிறது? "உங்க ஊர்ல எந்தத் தெரு?" என்று வைவாவில் கேட்பது எந்தப் பாடத்தில் வருகிறது? தினக்கூலிக்குப் போகிற அப்பாவை வேலையை விட்டுவிட்டு வரச்சொல்லி, பிரின்சிபல் அறை வாசலில் கைகட்டி நிற்க வைத்து, அவர் முன்னாலேயே மகளைத் திட்டுவதில் என்ன பயிற்சி இருக்கிறது? நோயாளி இந்தக் காட்சிகளில் எங்கேயும் இல்லை. இதற்குப் பெயர் அவமதிப்பு.

பெட்பேன் விஷயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். நோயாளிக்குப் பெட்பேன் வைப்பதும், உடம்பு துடைத்து விடுவதும் கேவலமான வேலை இல்லை. அது நர்சிங்கின் அடிப்படை. முப்பது பேர் இருக்கிற வகுப்பில் அந்த வேலை திரும்பத் திரும்ப அதே இரண்டு பேருக்கு வருகிறதா என்பதுதான் கேள்வி. மற்றவர்கள் ஊசி போடப் பழகும்போது அந்த இரண்டு பேர் மட்டும் மலம் அள்ளிக்கொண்டிருந்தால், அங்கே டியூட்டி லிஸ்ட்டை எழுதுவது சாதிதான்.

இது இன்று நேற்று வந்த நோயில்லை. ரத்தம், சீழ், மலம், பிரசவம் எல்லாம் தீட்டு என்று சொன்ன சமூகம் இது. சென்னை பொது மருத்துவமனையில் 1871-இலேயே செவிலியர் பயிற்சி தொடங்கிவிட்டது. ஆனாலும் "தன் வீட்டுப் பெண் அடுத்தவர் உடம்பைத் தொடுவதா" என்று ஆதிக்க சாதிக் குடும்பங்கள் நெடுங்காலம் ஒதுங்கியே நின்றன. 1897-இல் புனேயில் பிளேக் பரவியபோது, தீண்டப்படாதவர் குடியிருப்பிலிருந்து நோயுற்ற சிறுவனைத் தோளில் சுமந்து வந்து மருத்துவம் பார்க்க வைத்தவர் சாவித்ரிபாய் புலே. அந்த நோய் தொற்றியே அந்த ஆண்டு மார்ச் 10 அன்று இறந்தார். நாம் படிக்கும் படிப்புக்கு அவர் ஒரு முன்னோடி. லேம்ப் லைட்டிங் விழாவில் நைட்டிங்கேல் பெயரைச் சொல்லும்போது, சாவித்ரிபாய் பெயரையும் சேர்த்துச் சொல்லக் கேளுங்கள்.

இப்போது அதிகாரம் எங்கே இருக்கிறது என்று பார்ப்போம். டியூட்டரின் குணம் நல்லதா கெட்டதா என்று பேசிக்கொண்டிருப்பதைவிட இது பயன்படும். பி.எஸ்சி. நர்சிங்கில் தியரித் தாளுக்கு 100-இல் 25 மதிப்பெண் இன்டர்னல். பிராக்டிகலுக்கு 100-இல் 50 இன்டர்னல். பாதி மதிப்பெண், பெரும்பாலும் உங்களை வார்டில் பார்க்கிற ஒருவர் கையில். தேர்வு எழுத 80 சதவீத வருகைப்பதிவு வேண்டும். பட்டம் வாங்க கிளினிக்கல் போஸ்டிங் 100 சதவீதம் முடித்திருக்க வேண்டும். "வார்டை விட்டு வெளியே போ" என்று ஒரு நாள் துரத்தினால், அந்த நேரத்தை நீங்கள்தான் ஈடுகட்ட வேண்டும். லாக் புக்கில் கையெழுத்தும் அவரிடம். பல கல்லூரிகளில் ஹாஸ்டல் அனுமதியும் அவரிடம். வெளியாட்கள் பார்க்காத இந்த இடங்களில்தான் சாதி வேலை செய்கிறது.

இதை நான் கற்பனையாகச் சொல்லவில்லை. டெல்லி எய்ம்ஸில் தலித், பழங்குடி மாணவர்கள் நடத்தப்படும் விதத்தை விசாரிக்க 2006-இல் பேராசிரியர் சுக்தேவ் தோரட் தலைமையில் குழு அமைத்தார்கள். 2007-இல் அறிக்கை வந்தது. செய்முறைத் தேர்விலும் வாய்மொழித் தேர்விலும் நியாயம் கிடைப்பதில்லை, தேர்வாளர்கள் நேரடியாகவோ சுற்றிவளைத்தோ சாதியைக் கேட்கிறார்கள் என்று மாணவர்கள் சொன்னதை அது பதிவு செய்தது. நாட்டின் முதல்நிலை மருத்துவக் கல்லூரியிலேயே அந்த நிலை என்றால், மாவட்டத் தலைநகரில் இருக்கும் தனியார் நர்சிங் கல்லூரியைப் பற்றிச் சொல்லவா வேண்டும்?

2019 மே மாதம் மும்பையில் பழங்குடி சமூகத்தைச் சேர்ந்த முதுநிலை மருத்துவ மாணவி பாயல் தட்வியை இழந்தோம். மூத்த மருத்துவர்கள் சாதியைச் சொல்லித் துன்புறுத்தினார்கள் என்று அவர் குடும்பம் குற்றம் சாட்டியது. ரோஹித் வெமுலாவின் அம்மாவும் பாயலின் அம்மாவும் சேர்ந்து அதே ஆண்டு உச்ச நீதிமன்றம் போனார்கள். பிள்ளைகளைப் பறிகொடுத்த இரண்டு தாய்மார்கள் கேட்டது, உங்களுக்கான பாதுகாப்பு.

நோயாளிக்கு வருவோம். அவமதித்துப் பயிற்சி கொடுத்தால் நல்ல நர்ஸ் உருவாவாள் என்று நம்புகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பயந்த மாணவி தவறை மறைப்பாள். டோஸ் மாறிப் போனால் உடனே வந்து சொல்கிற மாணவிதான் அந்த நோயாளியைக் காப்பாற்ற முடியும். சொன்னால் எல்லோர் முன்னாலும் பிறப்பை இழுத்துத் திட்டுவார்கள் என்று தெரிந்தவள் வாயைத் திறக்க மாட்டாள். சந்தேகம் கேட்கவும் மாட்டாள். கேட்காத சந்தேகம் வார்டில் ஆளைக் கொல்லும். ஆக, மரியாதையோடு கற்பிக்கச் சொல்வது மாணவர் நலன் மட்டுமில்லை. கட்டிலில் படுத்திருக்கும் ஏழை நோயாளியின் உயிர் சம்பந்தப்பட்டது.

சரி, என்ன செய்யலாம்?

முதலாவது, எழுதி வையுங்கள். தேதி, நேரம், எந்த வார்டு, என்ன சொன்னார், எந்தச் சொல்லால் சொன்னார், யார் கூட இருந்தார்கள். அன்றைக்கே எழுத வேண்டும். ஒரு மாதம் கழித்து எழுதினால் அழுகைதான் நினைவிருக்கும், சொற்கள் மறந்துவிடும். லாக் புக்கில் கையெழுத்தான பக்கங்களுக்கு நகல் வைத்துக்கொள்ளுங்கள். வார்டில் போனை எடுத்து வீடியோ பிடிக்காதீர்கள். நோயாளியின் முகம் அதில் விழும், அது நாம் செய்யும் தவறாகிவிடும்.

இரண்டாவது, தனியாகக் கேட்காதீர்கள், பணிவாகவும் குறிப்பாகவும் கேளுங்கள். "மேடம், இந்த ப்ரொசீஜரில் எந்த ஸ்டெப் தப்பு? அடுத்த முறை எப்படிச் செய்யட்டும்?" கற்பிக்க நினைக்கிற டியூட்டர் பதில் சொல்வார். பதில் சொல்ல முடியாமல் மறுபடியும் உங்கள் ஊரையும் உடையையும் பேசினால், அதுவும் உங்கள் குறிப்பேட்டில் ஏறட்டும்.

மூன்றாவது, காகிதத்தின் பலத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். திருத்திய விடைத்தாளைப் பார்க்கும் உரிமை மாணவருக்கு உண்டு என்று 2011-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பல்கலைக்கழகத்திடம் கேட்கலாம். அசல் சான்றிதழைக் கல்லூரி பிடித்து வைக்கக் கூடாது என்று 2018-இல் யுஜிசி அறிவித்தது. கட்டணத்துக்காகச் சான்றிதழைப் பணயமாக வைக்கக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றமும் பல வழக்குகளில் சொல்லியிருக்கிறது. போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை தாமதமானால் அது அரசு தர வேண்டிய பாக்கி. அதற்காக உங்களைக் கடன்காரி மாதிரி வகுப்புக்கு வெளியே நிறுத்த யாருக்கும் உரிமையில்லை.

நான்காவது, சட்டம். பட்டியல் சாதி, பழங்குடி மாணவரைச் சாதிப் பெயர் சொல்லிப் பொதுப் பார்வைக்கு உட்பட்ட இடத்தில் இழிவுபடுத்துவது 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். நோயாளிகளும் அட்டெண்டர்களும் பார்க்க வார்டில் சொன்னது இதில் வரும். பூட்டிய அறைக்குள் சாட்சியில்லாமல் சொன்னது இதில் வராது. அதனால்தான் தனியாக அறைக்குள் போகாதீர்கள் என்கிறேன். புகாரை டிஎஸ்பி நிலை அதிகாரி விசாரிக்க வேண்டும். 2021-இல் அமைந்த மாநில ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் ஆணையத்துக்கும் எழுதலாம். எல்லாத் திட்டுக்கும் இந்தச் சட்டத்தை எடுக்க வேண்டியதில்லை. எடுக்க வேண்டிய இடத்தில் தயங்கவும் வேண்டியதில்லை.

ஐந்தாவது, மனம் தாங்காமல் போகிற இரவு வந்தால், அந்த இரவில் தனியாக இருக்காதீர்கள். பக்கத்துக் கட்டில் தோழியை எழுப்புங்கள். 104-க்கோ 14416-க்கோ கூப்பிடுங்கள். ஒரு வருடம் வீணாகலாம், அரியர் விழலாம், கல்லூரியே மாறலாம். எல்லாவற்றையும் மீண்டும் பிடித்துவிடலாம், நீங்கள் இருந்தால்.

கடைசியாக, கொஞ்சம் கசப்பான செய்தி. "நாங்களும் இப்படித்தான் படிச்சோம்" என்று டியூட்டர்கள் சொல்வது பெரும்பாலும் உண்மை. குறைந்த சம்பளத்துக்கு வேலை பார்த்து, நிர்வாகத்திடம் திட்டு வாங்கி, அதைக் கீழே இறக்குகிறவர்கள் பலர். அம்பேத்கர் சொன்ன படிநிலை ஏற்றத்தாழ்வு இப்படித்தான் நிற்கிறது. மிதி வாங்குகிற ஒவ்வொருவருக்கும் மிதிக்க ஒருவர் கீழே கிடைக்கிறார். மருத்துவர், சூப்பிரண்டெண்ட், டியூட்டர், ஃபைனல் இயர், ஃபர்ஸ்ட் இயர். அதோடு முடிவதில்லை. அதற்கும் கீழே வார்டு ஆயாம்மாவும் தூய்மைப் பணியாளரும் இருக்கிறார்கள். ஃபர்ஸ்ட் இயர் பிள்ளையை "சீனியருக்கு விஷ் பண்ணலையா" என்று நிற்க வைக்கிற, அம்மா வயதுள்ள ஆயாவை "ஏய்" என்று கூப்பிடுகிற மாணவிக்கு, டியூட்டர் மீது புகார் சொல்ல என்ன தகுதி இருக்கிறது? நாளைக்கு உங்களில் பலர் டியூட்டர் ஆவீர்கள். அந்த நாற்காலியில் உட்கார்ந்து எதைச் செய்யக் கூடாது என்பதை இன்றைக்கே எழுதி வையுங்கள்.

இந்த வாரமே தொடங்கக்கூடிய ஒரு வேலையைச் சொல்லி முடிக்கிறேன். உங்கள் வகுப்பில் யாரையாவது ஆபீசுக்கு வரச் சொன்னால், இன்னொருத்தி கூடப் போக வேண்டும். "நீ ஏன் வந்தே?" என்று கேட்பார்கள். "துணைக்கு வந்தேன் மேடம்" என்று சொல்லிவிட்டு அங்கேயே நில்லுங்கள்.