ஓகோச்சி மசாதோஷி: கொடையும் அதன் விலையும்



கிளையினின்று உதிரும் காமெலியா மலர் காற்றில் எவ்வாறு புரண்டு வீழ்கிறது என்பதைச் சோதித்து, ஆய்வுக் கட்டுரையாக்கினார் ஒரு பௌதிக அறிஞர். அவர் தெராதா தொராஹிகோ. நாவலாசிரியர் நட்சுமே சோசெகியிடம் ஐக்கூ பயின்றவர். ஒரு பூவின் வீழ்ச்சியையும் ஆய்வுப் பொருளாக ஏற்ற நிறுவனம், 1917-இல் தோக்கியோவில் தோன்றிய 'ரிக்கேன்'. அதனை வளர்த்த பெருமகன் ஓகோச்சி மசாதோஷி.

1878-இல், ஓதாகி குறுநிலத்தை ஆண்ட குலத்தில் பிறந்தவர் அவர். 'ஷிஷாகு' என்னும் பிரபுப் பட்டம் தாங்கியவர். பிரபுக்கள் சபையில் அமர்ந்தவர். ஆயினும் அவர் கற்றது படைக்கலப் பொறியியல். உளம் தோய்ந்தது பழம் பீங்கான் கலையில்.

நிதி நெருக்கடியிலும் உட்பூசலிலும் ரிக்கேன் தவித்த 1921-இல், அவர் அதன் மூன்றாம் இயக்குநரானார். மறு ஆண்டே தலைமை ஆய்வாளர் முறையைக் கொணர்ந்தார். எதை ஆராய்வது, யாரைச் சேர்ப்பது, பணத்தை எவ்வாறு செலவிடுவது என்னும் முடிவுகள் ஆய்வாளர் கைக்கே வந்தன. பெண்களுக்குப் பல்கலைக்கழக வாயில்கள் பெரும்பாலும் அடைபட்டிருந்த அந்நாளில், குரோதா சிகா என்னும் பெண்மணி இங்கு குசும்பப் பூவின் செந்நிறமியை ஆராய்ந்து, 1929-இல் முனைவர் பட்டம் பெற்றார். பின்னாளில் நோபல் பரிசு பெற்ற தொமொனாகா, ரிக்கேனை அறிவியலாரின் சுதந்திரச் சொர்க்கம் என்றே போற்றினார்.

இச்சுதந்திரத்திற்குப் பொருள் வேண்டுமன்றோ? 1922-இல் தக்காஹாஷி பிரித்தெடுத்த வைட்டமின் 'ஏ', மருந்தாக விற்பனையாகி வருவாய் ஈட்டிற்று. கண்டுபிடிப்புகளை ஓகோச்சி தொழில்களாக்கினார். 1939 அளவில் நிறுவனங்கள் 63, தொழிற்சாலைகள் 121 எனப் பெருகின. அவற்றின் வருவாய் ஆய்வுக்கூடங்களை வாழ்வித்தது.

ஆனால், போர் மூண்டபோது அத்தொழில்கள் போர்த்தேவைக்கும் உழைத்தன. ரிக்கேனின் நிஷினா ஆய்வுக்கூடம் இராணுவத்திற்காக அணுகுண்டு ஆய்வில் இறங்கியது, அம்முயற்சி நிறைவேறவில்லை. 1945 நவம்பரில், அங்கிருந்த சைக்ளோட்ரான் கருவிகளை அமெரிக்கப் படையினர் உடைத்துத் தோக்கியோ விரிகுடாவில் எறிந்தனர். அவ்வாண்டு டிசம்பரில், போர்க்குற்ற ஐயத்தின்பேரில் ஓகோச்சி சுகாமோ சிறையில் அடைக்கப்பட்டார். 1946-இல் விடுதலையாகிப் பதவி துறந்தார். 1947-இல் பிரபுப் பட்டங்களே ஒழிந்தன. 1952-இல் அவர் மறைந்தார்.

பூவின் வீழ்ச்சிக்கு இடமளித்த அதே கூரையின்கீழ்தான் பேரழிவுக்கான தேடலும் நடந்தது. ஒன்றைச் சொல்லி மற்றொன்றை மறைப்பது வரலாறாகாது. ஆராய்வோர்க்கு எதை ஆராய்க என ஆணையிடாத புரவலராக விளங்கியது ஓகோச்சியின் பெருமை. அப்புரவலரும், அவரால் சுதந்திரம் பெற்றோரும், அரசு போருக்கு அழைத்தபோது மறுத்து நிற்கவில்லை என்பது அவ்வாழ்வின் துயரம். படைப்பவர்க்குச் சுதந்திரம் தருவது பெருங்கொடை. மறுக்க வேண்டியதை மறுப்பதற்கும் அது பயன்பட்டாலன்றி, அக்கொடை முழுமை பெறுவதில்லை.