விடிய விடிய 33 ஆட்டம்

(நம் கிளப் ஹவுஸ் மாலைச் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



35 வருஷம் வங்கிக் கவுண்ட்டருக்குப் பின்னால் உட்கார்ந்து, "அடுத்தவர் வாங்க" என்று சொன்னதுதான் என் அதிகபட்ச மேடைப் பேச்சு. "ஜப்பான் போய்ட்டு வந்தீங்களே சார், ஒரு பத்து நிமிஷம் பேசுங்க" என்று செயலாளர் விடாமல் கேட்டதால் நிற்கிறேன். புல்லட் ரயிலும் டோக்கியோவும் யூடியூபிலேயே கிடைக்கும். நான் ஒரே ஓர் இரவைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

என் மகன் வேலை பார்ப்பது கியூஷு தீவில். அங்கே மியாசாகி மாநிலத்தில், மலைகளுக்கு நடுவே தகாச்சிஹோ என்று ஓர் ஊர். அதைச் சேர்ந்த சின்னச் சின்னக் கிராமங்கள் நவம்பர் நடுவிலிருந்து பிப்ரவரி வரை, ஆளுக்கோர் இரவு குறித்துக்கொண்டு ககுரா ஆடுகின்றன. ஷிண்டோ தெய்வங்களுக்கு முன்னால் முகமூடி போட்டு ஆடுகிற ஆட்டம் அது. விளைந்ததற்கு நன்றி, அடுத்த விளைச்சலுக்கு வேண்டுதல். மொத்தம் 33 ஆட்டம். மாலையில் ஆரம்பித்தால் மறுநாள் காலை வரை போகும்.

மேடை கிடையாது. ஒரு விவசாயி வீட்டுக் கூடம்தான். நடுவில் வைக்கோல் கயிறு கட்டி, காகிதத்தில் வெட்டிய உருவங்களைத் தொங்கவிட்டு, அந்தச் சதுரத்தைச் சாமிக்கென்று ஒதுக்கிவிடுகிறார்கள். மேளம், புல்லாங்குழல். பார்க்கப் போகிறவர்கள் கைவீசிக்கொண்டு போவதில்லை. ஷோச்சூ என்கிற அவர்கள் ஊர்ச் சாராயமோ, காணிக்கைக் கவரோ கொண்டுபோக வேண்டும். நாங்கள் கவர் கொண்டுபோனோம்.

கோயிலிலிருந்து அந்த வீட்டுக்கு முகமூடிகள் ஊர்வலமாக வருகின்றன. அவற்றை 'ஒமோதே சாமா' என்கிறார்கள். 'ஒமோதே' என்றால் முகம். 'சாமா' என்பது தெய்வத்துக்கும் பெரியவர்களுக்கும் சேர்க்கிற மரியாதைச் சொல். கடையில் வாடிக்கையாளரையும் 'சாமா' போட்டுத்தான் கூப்பிடுவார்கள் என்று மகன் சொன்னான். என் சர்வீஸில் என்னை அப்படி ஒருவரும் கூப்பிட்டதில்லை, நானும் யாரையும் கூப்பிட்டதில்லை.

கதை எளிமையானதுதான். 712-இல் எழுதி முடித்த 'கொஜிகி' நூலிலேயே இருக்கிறது. சூரிய தேவி அமதெராசு, தம்பி செய்த அட்டகாசம் பொறுக்காமல் குகைக்குள் போய்ப் பாறையால் மூடிக்கொள்கிறாள். உலகம் இருட்டு. மற்றத் தெய்வங்கள் கூடி யோசிக்கின்றன. உசுமே என்ற பெண் தெய்வம் கவிழ்த்த தொட்டியின் மேல் ஏறிக் கூத்தாடுகிறாள். எல்லாரும் சிரிக்கிறார்கள். 'நான் இல்லாமல் என்ன சிரிப்பு?' என்று அவள் எட்டிப் பார்க்கும்போது, தஜிகராவோ என்ற பலசாலி அவளை வெளியே கொண்டுவந்துவிடுகிறான். அந்தக் குகை என்று வணங்குகிற இடம் தகாச்சிஹோவிலேயே, ஆற்றுக்கு அக்கரையில் இருக்கிறது.

இந்தக் குகை ஆட்டங்களை விடியும் நேரத்துக்கு வருகிற மாதிரி வைத்திருக்கிறார்கள். தஜிகராவோ முதலில் வெள்ளை முகமூடியில் வருகிறார். தலையைச் சாய்த்து, எந்தப் பாறைக்குப் பின்னால் சத்தம் வருகிறது என்று காதுகொடுத்துக் கேட்கிறார். பிறகு கதவைப் பெயர்க்கும் ஆட்டத்தில் அதே தெய்வத்துக்குச் சிவப்பு முகம். தம் கட்டித் தூக்குகிறாரே, அதனால் சிவப்பு! அவர் வீசி எறிந்த கதவு நகானோ மாநிலத்துத் தொகாகுஷி மலையில் போய் விழுந்ததாம். அதற்குள் எங்களுக்கும் வெளியே வெளிச்சம் வந்திருந்தது. என் மனைவி இரண்டு மணிக்கே சுவரில் சாய்ந்து தூங்கிவிட்டாள். ஊர்க்காரர்களிலும் பாதிப் பேர் அப்படித்தான். யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை.

காலையில் முகமூடியைக் கழற்றி வியர்வை துடைத்துக்கொண்டிருந்த வெள்ளை முகத்துக்காரரிடம் மகன் பேசினான். வேளாண் கூட்டுறவில் கணக்குப் பார்ப்பவராம். ஐம்பது வயது இருக்கும். நானும் கணக்கு எழுதினவன்தான் என்று மகன் மூலம் சொன்னதும் எழுந்து குனிந்து வணங்கினார். இரவெல்லாம் கடவுளாக இருந்தவர்! எனக்குக் கூச்சமாகிவிட்டது.

அங்கே ஆடுகிற எல்லாரும் இப்படித்தான். விவசாயி, ஆபீஸ் குமாஸ்தா, பள்ளிக்கூடப் பையன். ஷிமானே மாநிலத்தில் இன்னொரு வகை ககுரா உண்டு. 17 மீட்டர் நீளப் பாம்பெல்லாம் வரும், முகமூடியையும் காகிதத்தில் செய்வார்கள். அங்கே முன்பு பூசாரிகள் ஆடினார்கள். மெய்ஜி ஆட்சியில் பூசாரிகள் ஆடக் கூடாது என்று அரசு தடுத்ததும், ஊர்க்காரர்கள் கற்றுக்கொண்டு ஆடத் தொடங்கிவிட்டார்கள்.

இப்போதைய கவலை வேறு. பிள்ளைகள் பட்டணம் போய்விடுகிறார்கள். தகாச்சிஹோவில் ஆள் போதாமல் சில ஊர்களில் ஆட்டத்தைச் சுருக்கிக்கொண்டார்கள். வீட்டுக் கூடத்துக்குப் பதில் ஊர்ப் பொதுக்கூடத்திலும் நடக்கிறது. நம் கிளப் ஹவுஸ் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். சுற்றுலா வருகிறவர்களுக்கு தகாச்சிஹோ கோயிலில் தினமும் இரவு 8 மணிக்கு நான்கு ஆட்டம் மட்டும் காட்டுகிறார்கள், ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். அதுவும் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சூப் கொடுத்து, "குளிருதா?" என்று கேட்டுக் கம்பளி போர்த்திவிட்ட பக்கத்துத் தாத்தா அதில் கிடைக்க மாட்டார்.

போன வருஷம் நம் ஆண்டு விழாவை வெளியாட்களிடம் காண்ட்ராக்ட் விடலாம் என்று தீர்மானம் வந்தபோது, முதலில் கை தூக்கியவன் நான். 'நாற்காலி எடுத்துப் போடக்கூட ஆள் இல்லை, பணத்தைக் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருப்போம்' என்றும் பேசினேன். மினிட்ஸில் இருக்கிறது. அதை மறுபடி விவாதத்துக்கு எடுக்கும்படி செயலாளரிடம் இப்போது எழுதிக் கொடுத்திருக்கிறேன். நாற்காலி போடுபவர் பட்டியலில் என் பெயரையும் சேர்த்தாயிற்று. ஆட மட்டும் கூப்பிடாதீர்கள், முழங்கால் ஒத்துழைக்காது.

போட்டோக்கள் கொஞ்சம் இருக்கின்றன. வெள்ளை முகத்துக்காரரும் இருக்கிறார். வேண்டியவர்கள் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் வீட்டுக்கு வாருங்கள். கவர் எதுவும் கொண்டுவர வேண்டாம்.